ஒரு கிராம் இரும்பு: நிறைமாத அசதிக்குள் ஒளிந்திருக்கும் ரத்தக் குறைவு

ஒரு கர்ப்பம் முழுவதற்கும் பெண்ணின் உடலுக்குக் கூடுதலாகத் தேவைப்படும் இரும்பு ஏறத்தாழ ஒரு கிராம். சேலைக்குக் குத்துகிற ஊக்கு ஒன்றின் எடை இருக்கலாம், அவ்வளவுதான். அதில் 300 மில்லிகிராம் அளவு குழந்தைக்கும் நஞ்சுக்கும் போகிறது. கிட்டத்தட்ட 500 மில்லிகிராம் தாயின் ரத்தம் பெருகுவதற்குச் செலவாகிறது. மிச்சம், உடல் அன்றாடம் இழப்பதை ஈடுகட்ட. இந்த ஒரு கிராம் சரியாகக் கிடைக்காதது முக்கியக் காரணமாக, நம் நாட்டுக் கர்ப்பிணிகளில் பாதிப்பேருக்கு மேல் ரத்தக் குறைவோடு இருக்கிறார்கள்.

2015-16ல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வில் இது 50.4 சதவீதம். 2019-21 ஆய்வில் 52.2. தமிழ்நாட்டில் 44.4ஆக இருந்தது 48.3 ஆகிவிட்டது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பிரசவங்களுக்கு மேல் ஆஸ்பத்திரியில் நடக்கிற மாநிலம் இது. கர்ப்பம் உறுதியானதுமே பதிவு எண் கிடைக்கிறது, மாதாமாதம் செக்கப் நடக்கிறது, மாத்திரை இலவசமாகக் கைக்கு வருகிறது. அப்படியும் எண்ணிக்கை கூடியிருக்கிறது என்றால் மாத்திரை கைக்கு வந்த பிறகு என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டாமா?

நான் பார்த்தவரை, தடை நம் வீட்டுக்குள்தான் இருக்கிறது. ஏழாம் மாதத்துக்கு மேல் ஒரு பெண் எதைச் சொன்னாலும் வீட்டில் கிடைக்கிற பதில் ஒன்றுதான்: "மாசமா இருந்தா அப்படித்தான் இருக்கும்." மூச்சு வாங்குகிறதா, அப்படித்தான் இருக்கும். தலை சுற்றுகிறதா, அப்படித்தான். படி ஏற முடியவில்லை, நெஞ்சு படபடக்கிறது, ராத்திரி தூக்கம் இல்லை என்றாலும் அதேதான். சொல்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்களும் அந்த அசதியோடே பிள்ளை பெற்றவர்கள், இன்றுவரை அந்த ரத்தக் குறைவோடே நடமாடுகிறவர்கள். அதனால்தான் அவர்களுக்கு அது நோயாகவே படுவதில்லை.

எது இயல்பு?

பாதி உண்மை இருப்பதால்தான் அந்தப் பதில் இத்தனை காலம் நிற்கிறது. கர்ப்ப காலத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதி 40 முதல் 50 சதவீதம் வரை பெருகுகிறது. சிவப்பணுக்கள் அந்த வேகத்துக்குப் பெருகுவதில்லை, ரத்தம் சற்று நீர்த்துத்தான் போகும். அதற்கு இடம் கொடுத்தே உலக சுகாதார நிறுவனம் கர்ப்பிணிக்கான அளவுகோலை வைத்திருக்கிறது. மற்றப் பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இறங்கினால் ரத்தக் குறைவு, கர்ப்பிணிக்கு 11, நடு மூன்று மாதங்களில் மட்டும் 10.5. பத்துக்கு மேல் 11க்குள் இருந்தால் லேசானது, ஏழிலிருந்து பத்துக்குள் நடுத்தரம், ஏழுக்குக் கீழே போனால் கடுமையானது. எனவே "ஹெச்.பி எட்டுதான், மாசமா இருந்தா குறையத்தான் செய்யும்" என்று யாராவது ஆறுதல் சொன்னால் நம்ப வேண்டாம். அந்தக் கழிவையெல்லாம் கழித்த பிறகும் எட்டு என்பது குறைவுதான்.

மூச்சு வாங்குவதை எடுத்துக்கொள்வோம். கர்ப்பத்தில் சுரக்கும் புரோஜெஸ்டிரோன் ஆழமாக மூச்சிழுக்க வைக்கிறது. வளர்ந்த கருப்பை உதரவிதானத்தை மேலே தள்ளுகிறது. மாடிப்படி ஏறினால் மேல்மூச்சு வாங்குவதும், நின்று ஆசுவாசப்படுத்திக்கொண்டால் அடங்குவதும் இயல்பு. உட்கார்ந்து பேசும்போதே வாக்கியம் முடிவதற்குள் மூச்சு முட்டினால், படபடப்பு அடங்காவிட்டால், கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் உட்புறம் வெளிறிக் கிடந்தால் அது இயல்பு இல்லை. அன்றே ரத்தம் பார்க்க வேண்டும்.

கால் வீக்கமும் அப்படித்தான். சாயங்காலம் கணுக்காலில் வீங்கி, காலை உயர்த்தி வைத்துத் தூங்கி எழுந்தால் வடிவது பெரும்பாலும் சாதாரண வீக்கம். பார்லிக் கஞ்சி கொடுப்பார்கள், கொடுக்கட்டும், தவறில்லை. ஆனால் முகமும் கைவிரல்களும் திடீரென உப்பி, மோதிரம் இறுகி, விடாத தலைவலியோ கண்ணில் மின்னலோ மேல்வயிற்று வலியோ சேர்ந்தால் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருக்கக் கூடாது. ரத்த அழுத்தம் எகிறியிருக்கலாம். 108ஐ அழைக்க வேண்டிய நேரம் அது. குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்தாலும், ரத்தப்போக்கு இருந்தாலும், தண்ணீர்க்குடம் உடைந்தாலும் அதே அவசரம். தடிப்பு எதுவும் இல்லாமல் உள்ளங்கையும் உள்ளங்காலும் ராத்திரியில் அரித்தால் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். பித்தநீர் தேங்குவதால் வருகிற அரிப்பாக அது இருக்கலாம், குழந்தையைப் பாதிக்கக்கூடியது.

ராத்திரி நேரத்து உபாதைகள்

நிறைமாதப் பெண்ணுக்குப் பகலைவிட ராத்திரிதான் நீளம். படுத்தால் நெஞ்செரிச்சல். இரைப்பையின் மேல்வாயை இறுக்கிப் பிடிக்கும் தசை தளர்ந்துவிடுவதால் அமிலம் மேலேறுகிறது. ராத்திரிச் சாப்பாட்டைப் படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே முடித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை சாப்பிட்டு, தலைமாட்டை உயர்த்திப் படுத்தால் பாதி அடங்கும். ஜெலுசில் மாதிரி அமிலத்தை அடக்கும் மருந்தை டாக்டர் கொடுத்திருந்தால் அதையும் இரும்பு மாத்திரையையும் ஒரே நேரத்தில் போடக் கூடாது. இரும்பு உடலில் சேருவதற்கு அமிலம் வேண்டும்.

அப்புறம் கெண்டைக்காலில் குரக்களி. தூக்கத்தில் வெடுக்கென்று இழுத்துக்கொண்டு உயிர் போகும். முழங்காலை மடக்காமல் நீட்டி, பாதத்தை முகத்தை நோக்கி மடக்கிப் பிடித்தால் சில நொடிகளில் விடும். வயிறு இடிப்பதால் அவளால் குனிந்து பாதத்தைப் பிடிக்க முடியாது. பக்கத்தில் படுத்திருக்கும் கணவர் எழுந்து செய்ய வேண்டிய வேலை இது.

குரக்களியோடு குழப்பிக்கொள்ளும் இன்னொன்று இருக்கிறது. படுத்ததும் காலுக்குள் ஏதோ ஊர்கிறது, குடைகிறது, ஆட்டினால் சற்றே அடங்குகிறது, நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்கிறது. வலி என்றும் சொல்ல முடியாது. இந்தக் கால் தவிப்பு கடைசி மூன்று மாதங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு கர்ப்பிணிக்கு வருகிறது. உடலின் இரும்புச் சேமிப்பு குறைவதோடு இதற்குத் தொடர்பு உண்டு. பெண் பிள்ளை காலாட்டினால் வீட்டுக்கு ஆகாது என்று கடிந்துகொள்ளும் வீடுகளில் இதை வாய்விட்டுச் சொல்லவே பயப்படுகிறார்கள். சொல்ல வேண்டும். ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டின் அளவையும் பார்த்தால் சேமிப்பு எவ்வளவு மிச்சம் என்று தெரிந்துவிடும்.

ஒருக்களித்துப் படு என்று பெரியவர்கள் சொல்வது மிகச் சரி. 28 வாரத்துக்குப் பிறகு மல்லாந்து படுத்தால் வயிற்றின் பாரம் இதயத்துக்குத் திரும்பும் பெரிய ரத்தக்குழாயை அமுக்குகிறது. இடப்பக்கம் நல்லது, வலப்பக்கம் படுத்தாலும் குற்றமில்லை. தூக்கத்தில் மல்லாந்துவிட்டால் பதற வேண்டாம், விழிப்பு வந்ததும் திரும்பிக்கொண்டால் போதும். முழங்கால்களுக்கு நடுவே பழைய பருத்திச் சேலையை மடித்து வைத்தால் இடுப்பு வலி குறையும். எழுந்து உட்கார்ந்துதான் திரும்பிப் படுக்க வேண்டும், இல்லாவிட்டால் கொடி சுற்றிக்கொள்ளும் என்பது மட்டும் சரியில்லை. குழந்தை உள்ளே புரண்டு நீந்துவதால் கொடி சுற்றுகிறது. தாய் புரள்வதற்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. இந்தப் பயத்தில் ராத்திரி முழுக்க ஒரே பக்கம் விறைத்துக் கிடந்து தோள் பிடித்துப்போன பெண்கள் எத்தனையோ பேர்.

பகலில் நிற்கிறவர்களின் பாடு தனி. ஜவுளிக்கடையில் நாள் முழுவதும் நின்று சேலை விரித்துக் காட்டும் பெண்கள் உட்கார இருக்கை வேண்டும் என்று தமிழ்நாடு 2021ல் சட்டமே கொண்டுவந்தது. நிறைமாதத்தில் அந்த நாற்காலியைத் தயங்காமல் கேட்டு வாங்க வேண்டும். மகப்பேறு விடுப்புச் சட்டம் பொருந்துகிற இடங்களில் முதல் இரண்டு பிரசவங்களுக்கு 26 வார விடுப்பு உண்டு. அதில் எட்டு வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம்.

செவ்வாய்க்கிழமை

சாத்தூர்ப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்று. செவ்வாய் என்றால் கர்ப்பிணிகள் செக்கப். பெஞ்சில் இடம் போதாமல் வேப்பமர நிழலில் சிலர் நிற்கிறார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் நர்ஸ், இந்தப் பக்கம் எட்டு மாதக் கர்ப்பிணி, அவள் தோளுக்குப் பின்னால் மாமியார். நர்ஸ் மோதிர விரல் நுனியைப் பஞ்சால் துடைத்து, குத்தி, முதல் சொட்டைத் துடைத்துவிட்டு அடுத்த சொட்டைப் பட்டையில் ஏந்துகிறார். விரலை அமுக்கிப் பிழியவில்லை. பிழிந்தால் கணக்குத் தப்பாக வரும் என்கிறார். கருவியில் எண் வருகிறது: 8.2.

"மாத்திரை போடுறியாம்மா?"

அவள் தலையாட்டுவதற்குள் மாமியார் முந்திக்கொள்கிறார். "நாந்தான் சிஸ்டர் நிறுத்தச் சொன்னேன். அதைப் போட்டா வெளிக்கிப் போறதெல்லாம் கறுப்பாப் போகுது. பிள்ளையும் கறுப்பாப் பொறக்கும்னு சொன்னாக."

"கறுப்பாப் போனா மாத்திரை உள்ளே போயிருக்குன்னு அர்த்தம்மா. மிச்ச இரும்பு அப்படி வெளியேறுது. பிள்ளை நிறம் உங்க மகன்கிட்டயும் மருமக கிட்டயும் இருந்துதான் வரும், மாத்திரையில இருந்து வராது."

மாமியார் எதுவும் பேசவில்லை. அவரைப் பக்கத்து அறையில் எடை அட்டை வாங்கிவர அனுப்பிவிட்டு நர்ஸ் குரலைத் தாழ்த்தினார். "அரிசி தின்னுறியா?" அந்தப் பெண் சேலை முந்தானையைச் சுருட்டினாள். பச்சரிசி. டப்பாவிலிருந்து ஒரு பிடி, யாரும் பார்க்காதபோது.

இதைக் கேட்கத் தெரிந்த நர்ஸ் கிடைப்பது பெரிய பாக்கியம். பச்சரிசி, சாம்பல், விபூதி, செங்கல் தூள், சிலேட்டுக்குச்சி, ஐஸ் கட்டி என்று எதையாவது தின்னத் தோன்றுவது இரும்புக் குறைவோடு சேர்ந்து வருகிற அறிகுறி. அவளே விரும்பி வளர்த்துக்கொண்ட கெட்ட பழக்கம் இல்லை. மண்ணும் சாம்பலும் இருக்கிற கொஞ்ச இரும்பையும் சேரவிடாமல் தடுக்கும், மண்ணில் புழு முட்டைகளும் இருக்கலாம். திட்டினால் ஒளித்துத் தின்பார்கள். இரும்பு ஏறினால் ஆசை தானாகவே விட்டுப்போவதை நர்சுகள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள்.

அந்தச் சிவப்பு மாத்திரை

இலவசமாகக் கிடைக்கும் சிவப்பு மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. 2018ல் தொடங்கிய ரத்தசோகை இல்லாத பாரதம் திட்டத்தின்படி நாலாம் மாதத்திலிருந்து தினம் ஒன்று, குறைந்தது 180 நாள். லேசான, நடுத்தரக் குறைவு இருந்தால் தினம் இரண்டு. கூடவே இரண்டாவது மூன்று மாதத்தில் ஒரு பூச்சி மாத்திரை. கொக்கிப்புழு குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தத்தை உறிஞ்சும். அதை விரட்டாமல் இரும்பை ஊட்டி என்ன பயன்?

அந்த ஃபோலிக் அமிலம் பிறந்த கதையில் நம் ஊருக்கும் பங்குண்டு. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1920களின் இறுதியில் பம்பாய்க்கு வந்தார். ஆலைத் தொழிலாளர் குடும்பங்களின் கர்ப்பிணிகள் ஒருவகைக் கடும் ரத்தசோகையால் இறந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்பதில் காரணத்தைத் தேடினார் வில்ஸ். அந்தத் தேடல் குன்னூர் பாஸ்டர் ஆய்வு நிலையத்துக்கும், 1931ல் திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரிக்கும் அவரை அழைத்து வந்தது. மலிவான ஈஸ்ட் சாறு கொடுத்தபோது அந்தப் பெண்கள் தேறினார்கள். அதிலிருந்த சத்துதான் பின்னர் ஃபோலிக் அமிலம் என்று அடையாளம் காணப்பட்டது. சென்னையின் ஏழைக் கர்ப்பிணிகளும் சேர்ந்து உலகுக்குக் கொடுத்த மருந்து இன்று இலவசமாகக் கிடைக்கும்போது, அது சாக்கடைக்குப் போவதைப் பார்க்க எனக்கு மனசு ஆறவில்லை. குங்குமப்பூவுக்குக் கடன் வாங்கியாவது செலவு செய்யும் வீடுகளில்தான் இது நடக்கிறது.

சரி, ஏன் போட முடியவில்லை என்று பெண்களைக் கேட்டால் நியாயமான காரணங்கள் சொல்கிறார்கள். குமட்டல், வாயில் இரும்பு ருசி, மலச்சிக்கல். மூன்றுக்கும் வழி இருக்கிறது. வெறும் வயிற்றில் போட்டால் நன்றாகச் சேரும் என்பது உண்மை. ஆனால் வாந்தியாக வெளியே வந்துவிட்டால் எந்தப் பயனும் இல்லை. ராத்திரிச் சாப்பாடு முடிந்து சற்றுப் பொறுத்து எலுமிச்சைச் சாறோடு போட்டுவிட்டுப் படுத்தால் குமட்டல் தெரியாமல் தூங்கிவிடலாம். மலச்சிக்கலுக்குத் தண்ணீர், கீரை, காய்கறி, நடை. அப்போதும் இறுகினால் டாக்டரிடம் கேட்டு இசப்கோல் வாங்கலாம். வீட்டிலேயே விளக்கெண்ணெய் கொடுத்துவிடக் கூடாது, அது வலியைக் கிளப்பிவிடும். ஒரு மாத்திரை போட்டால் குடல் ஏறத்தாழ ஒரு நாள் அடுத்த இரும்பை வாங்குவதைக் குறைத்துக்கொள்கிறது. அதனால் தாங்க முடியாத சிலருக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் போடச் சொல்லும் டாக்டர்களும் உண்டு. அதை அவர்கள் சொல்லட்டும், நாமாக மாற்ற வேண்டாம்.

சுண்ணாம்புச்சத்து மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் சேர்த்து வாயில் போட்டு ஒரே மடக்கில் விழுங்குகிறவர்கள்தான் அதிகம். சுண்ணாம்பு இரும்பைச் சேரவிடாமல் தடுக்கும். சுண்ணாம்பு காலையில் சாப்பாட்டோடு, இரும்பு ராத்திரி. பாலோடும் போடக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேல் டீ, காபி. சாப்பிட்டதும் ஒரு டம்ளர் டீ குடிப்பதுபோல் இரும்பை விரட்டுகிற வேலை வேறில்லை. முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

சிவப்பாக இருந்தால் ரத்தமா?

மாதுளை, பீட்ரூட். ரத்தம் கம்மி என்றதும் வீட்டில் முதலில் வந்து இறங்குபவை. நிறம் மட்டும்தான் ரத்தம். இரும்பு மிகக் குறைவு. பழமென்று சாப்பிடலாம், மருந்தென்று நம்பக் கூடாது. அந்த மாதுளை வாங்குகிற காசில் வாரம் இரண்டு நாள் ஆட்டுச் சுவரொட்டி வாங்கலாம். அசைவத்தில் இருக்கிற இரும்பு காய்கறி இரும்பைவிடப் பல மடங்கு எளிதாகச் சேர்கிறது. நன்றாக வேகவைக்க வேண்டும், அரைவேக்காடு ஆகாது. ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம் என்பதால் கர்ப்ப காலத்தில் அதை அடிக்கடி சாப்பிட வேண்டாம். கறி வாங்க வழியில்லாத நாளில் நெத்திலி, முட்டை, கொள்ளு, தட்டைப்பயறு, எள்ளு, முளைகட்டிய கேழ்வரகு. கொல்லையில் நிற்கும் முருங்கையும் இருக்கிறது. கீரையை வதக்கி இறக்கிய பிறகு எலுமிச்சை பிழிந்தாலோ கூட ஒரு நெல்லிக்காயோ கொய்யாத் துண்டோ கடித்தாலோ அதிலிருக்கும் இரும்பு கூடுதலாகச் சேரும்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் பணத்தோடு ஊட்டச்சத்துப் பெட்டகமும் வருகிறது. சத்துமாவு, பேரீச்சம்பழம், ஆவின் நெய், இரும்புச்சத்து டானிக் எல்லாம் அதில் இருக்கும். அந்தப் பெட்டகம் வீட்டுக்குப் போனதும் பேரீச்சம்பழம் மூத்த பிள்ளைகளுக்கும் நெய் எல்லோருடைய இலைக்கும் பிரிந்துவிடுகிறது. பங்கிட்டு உண்கிற வீட்டை எப்படிக் குறை சொல்ல முடியும்? ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். எல்லோரும் உண்டபின் சட்டியில் மிச்சமிருப்பதை உண்ணும் பெண்ணின் தட்டில் மீன் இருக்காது, குழம்பு மட்டும் இருக்கும். பல வருஷம் அப்படிச் சாப்பிட்டு வந்தவளுக்கு வளைகாப்பு நாளின் ஐந்து வகைச் சோறு என்ன செய்துவிடும்? நிறைமாதத்தில் உணவு மட்டும் போதாது என்பதும் அதனால்தான். கடைசி மாதங்களில் குழந்தை இழுத்துக்கொள்ளும் இரும்பின் வேகத்துக்கு எந்தச் சமையலும் ஈடுகொடுக்காது. மாத்திரை வேண்டும். அதற்கும் ஏறவில்லை என்றால் ஊசி.

ஒரு மாதம் ஒழுங்காக மாத்திரை போட்டும் ஹெச்.பி ஒரு கிராம்கூட ஏறாவிட்டால் காரணம் வேறாக இருக்கலாம். பி12 குறைவாக இருக்கலாம், தாலசீமியா மரபு இருக்கலாம். நீலகிரிப் பழங்குடிகளிடம் அரிவாள் அணு மரபு இருப்பது 1952லேயே பதிவானது. இவற்றுக்கு இரும்பு மட்டும் மருந்தாகாது, தனிச் சோதனை வேண்டும். இரும்புக் குறைவுதான் என்று உறுதியாகி, நாளும் குறைவாக இருந்தால் அயர்ன் சுக்ரோஸ் அல்லது ஃபெரிக் கார்பாக்சிமால்டோஸ் மருந்தை ட்ரிப்ஸில் ஏற்றுவார்கள். "ரத்தம் ஏத்தப் போறாங்க" என்று பயந்து ஊர் மாறி ஒளிகிறவர்கள் இருக்கிறார்கள். இது ரத்தம் இல்லை, இரும்பு. கண்காணிப்பில் வைத்து ஏற்றிவிட்டு, பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு அனுப்புவார்கள். கடைசி மூன்று மாதத்தில் ஏழுக்குக் கீழே இருந்தால் மட்டும் ஆஸ்பத்திரியில் சேர்ந்தே ஆக வேண்டும். ஐந்துக்கும் கீழே என்றால் ரத்தமே ஏற்ற வேண்டியிருக்கும்.

இவ்வளவு வற்புறுத்துவது ஏனென்றால், பிரசவத்தின்போது ரத்தம் போவது இயற்கை. ஹெச்.பி 12 இருக்கிறவள் அரை லிட்டர் இழந்தாலும் தாங்கிக்கொள்வாள். ஆறு இருக்கிறவளுக்கு அதே அரை லிட்டர் உயிர்ப் பிரச்சினை. உலகத்தில் பிரசவத்தை ஒட்டி இறக்கும் தாய்மாரில் மிகப் பலரைக் கொண்டுபோவது பேறுகாலப் பெரும் ரத்தப்போக்குதான். ரத்தக் குறைவுள்ள தாய்க்குக் குறைமாதத்திலும் எடை குறைந்தும் பிள்ளை பிறக்கும் வாய்ப்பும் கூடுதல்.

பிள்ளை பிறந்ததும் கொடியை உடனே வெட்டாமல் ஒன்றிலிருந்து மூன்று நிமிஷம் பொறுத்தால் நஞ்சிலிருக்கும் ரத்தம் குழந்தைக்குப் போய்ச் சேரும், அதன் முதல் மாதங்களுக்கான இரும்புச் சேமிப்பு அது. உலக சுகாதார நிறுவனமும் இதைத்தான் பரிந்துரைக்கிறது. பிரசவத்துக்கு முன்பே டாக்டரிடம் இதைப் பற்றிக் கேட்டு வைக்கலாம்.

தாய்க்கு மாத்திரை பிரசவத்தோடு நிற்பதில்லை. பிள்ளை பெற்ற பிறகும் 180 நாள். இந்தக் கட்டத்தில்தான் பத்தியம் குறுக்கே வருகிறது: கீரை ஆகாது, மீன் ஆகாது, தண்ணீரைக் குறை. ரத்தம் இழந்த உடம்புக்கு எது வேண்டுமோ அதையெல்லாம் நிறுத்திவிடுகிறோம். பூண்டும் கருவாடும் சுறாப்புட்டும் கொடுத்த பாட்டிமார் சொன்ன பத்தியம் நல்ல பத்தியம். சோறும் மிளகு ரசமும் மட்டும் கொடுப்பது பட்டினிக்குச் சமம். பிள்ளைக்கு ஆறாவது வாரத் தடுப்பூசி போடத் தூக்கிக்கொண்டு போகிற அன்றைக்கே தாயின் விரலையும் நீட்டி ஒரு ஹெச்.பி பார்த்துவிட வேண்டும். அதே கட்டடம், அதே நர்ஸ்தான். கூடவே போகிற மாமியாருக்கும் ஒரு சொட்டு எடுத்துப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம்.